ஏ9 வீதியில் மட்டும் ஓடிய கை மலையில் நிற்குமா?

முரசுமோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். லைசன்ஸ் எடுத்து இரண்டு வருடம், வேகன் ஆர் கார், ஒட்டோ கியர். இதுவரை ஓடியதெல்லாம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியும், ஏ9-இல் யாழ்ப்பாணமும் வவுனியாவும்தான். அம்மா பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில். 1977 கலவரத்தோடு குடும்பமாகத் தருமபுரத்துக்கு வந்தவர். ஓகஸ்ட் லீவுக்கு அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு புசல்லாவை, அங்கிருந்து அப்படியே நுவரெலியா என்று தானே ஓடிப் போக ஆசை. ஆனால் ரம்பொடை முடக்குகளை வீடியோவில் பார்த்த நாளிலிருந்து உள்ளங்கை வேர்க்கிறதாம். "நானே போகலாமா, இல்லாவிட்டால் வான் பிடிக்கவா?" என்று கேட்கிறார்.

வான் பிடியுங்கள் என்று சொன்னால் எனக்குத்தான் லாபம், ஏனென்றால் கிளிநொச்சியில் வான் ஹயர் ஓடுவதுதான் என் தொழில். இருந்தாலும் சொல்கிறேன்: நீங்களே போகலாம், தங்கச்சி. ஆனால் இரண்டு விஷயத்தை முதலே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, ஒரே நாளில் போகக் கூடாது. மற்றது, நீங்கள் பயப்படுகிற இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு.

உங்களுக்குப் பயம் ஏறுவதில். பள்ளம் தெரிகிறது, இஞ்சின் கத்துகிறது, கார் பின்னால் உருண்டுவிடுமோ என்ற நினைப்பு. உண்மையில் ஏறும்போது கார் தானாகவே மெதுவாகிவிடும். காலை எடுத்தால் நிற்கப் பார்க்கும், பிழை விட்டாலும் திருத்த நேரம் கிடைக்கும். இறங்கும்போது எல்லாம் தலைகீழ். காலை எடுத்தாலும் வேகம் கூடும், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருப்பதே ஒரு பிழையாகிவிடும். வன்னியில் எங்களுக்கு அப்படி ஒரு அனுபவமே கிடையாது. பரந்தன் வீதியில் காலை எடுத்தால் கார் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டுத் தானே நின்றுவிடும், இல்லையா? அந்தப் பழக்கம்தான் மலையில் எங்களைக் கவிழ்க்கிறது.

என் கதையையே சொல்கிறேன். 2011 ஏப்ரல், என்னுடைய முதல் நுவரெலியா ஹயர். பழைய டொல்பின் வான், உள்ளே பதினொரு பேர். ஏறும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, "அண்ணை நல்லா ஓடுறார்" என்று பின்னால் பாராட்டு வேறு. மறுநாள் மத்தியானம் இறங்கினோம். லபுக்கலையிலிருந்து நாலாம் கியரிலேயே பிரேக்கில் காலை வைத்தபடி வந்திருக்கிறேன், வைத்த காலை எடுக்கவேயில்லை. ரம்பொடை நெருங்க ஒரு மணம். பின்சீற்றில் ஒரு ஐயா, "யாரோ ரயர் எரிக்கினம் போல" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த முடக்குக்குப் பிரேக்கை மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, வான் நிற்கிற குணமில்லை. திரும்பத் திரும்ப மிதித்து, இரண்டாம் கியருக்கு இழுத்து, ஹாண்ட் பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் மலைப்பக்க மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். முன் சில்லு இரண்டிலும் புகை. நான் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு ஓட, கடைக்காரர் கத்தினார்: "தண்ணி ஊத்தாதீங்க தம்பி, தகடு கோணிப் போயிடும்! அப்படியே விடுங்க, காத்துல ஆறட்டும்." முக்கால் மணித்தியாலம் அந்தக் கடையில் பிளேன்ரீ குடித்தோம். பதினொரு பேரில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. புறப்படும்போது அவர் சொன்னார்: "எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அந்தக் கியர்லயே இறங்குங்க." மலையில் வாகனம் ஓடுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த ஒரு வசனம்தான்.

ஏன் அப்படி ஆகிறது என்று விளங்கினால் கால் தானாகப் பழகும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், கம்பளை 500 மீற்றருக்குக் கிட்ட. இடையில் இருக்கிற 1,400 மீற்றர் உயரத்தையும் உங்கள் கார் எங்கேயோ கரைக்க வேண்டும். பிரேக் அதைச் சூடாக மாற்றித்தான் கரைக்கும். நாலு பேரும் சாமானுமாக ஒரு தொன் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகிற சக்தி, 40 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கோயில் மடைக்கு அடுப்பில் ஏற்றுகிற கிடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டை எல்லாம் உள்ளங்கை அளவு பிரேக் கட்டைகள் தாங்க வேண்டும் என்றால் எப்படி? அவை ஒரு அளவுக்கு மேல் சூடாகினால் பிடிமானம் போய்விடும், அது முதல் கட்டம். அதற்குப் பிறகு பிரேக் ஒயில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும், பெடல் பஞ்சாகிவிடும். புது டொட் 3 ஒயில் என்றால் 205 பாகை வரை தாங்கும், ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சாமான். ஈரம் ஏறிப் பழசானால் 140 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். ஆகவே போவதற்கு முன் கராஜில் காட்டும்போது "பிரேக் பாருங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை, சமதரையில் அதை மாற்றாமலே காலம் போய்விடுகிறது.

சரி, பிரேக் இல்லாமல் எப்படி இறங்குவது? இஞ்சினைக் கொண்டு பிடிக்க வேண்டும். உங்கள் கியர்த் தடியில் டி-க்குக் கீழே எல் என்றோ எஸ் என்றோ ஒன்று இருக்கும், சில கார்களில் தடியின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். இரண்டு வருடமாக நீங்கள் அதைத் தொட்டே இருக்க மாட்டீர்கள். இறக்கம் தொடங்கும் முன்பே, வேகம் குறைவாக இருக்கும்போதே அதில் போடுங்கள். இஞ்சின் சத்தம் கூடும், ஆர்பிஎம் முள் மேலே ஏறும். கார் உடையப் போகிறது என்று பதறாதீர்கள், அது வேலை செய்கிற சத்தம். அக்குவா, பிரியஸ் மாதிரி ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒன்று: உங்கள் காரில் பி என்று இருப்பது இதற்குத்தான். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிட்டால் அது வழக்கமாகப் பிடிக்கிற பிடி குறைந்துவிடும், அப்போது பி இல்லாமல் இறங்கினால் பிரேக்குக்குப் பாரம் கூடும்.

அதற்குப் பிறகும் வேகம் கூடினால் பிரேக்கை அழுத்தமாக ஒரு தரம் மிதித்து, 35-இலிருந்து 25-க்குக் குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். திரும்ப 35 வந்தால் திரும்ப மிதியுங்கள். லேசாக மிதித்துக்கொண்டே வருவது பக்குவமாகத் தெரியும், அதுதான் மோசம். இடையில் காற்றுப் பட்டு ஆற அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அப்புறம், நியூட்ரல். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில், நியூட்ரலில் உருட்டி மிச்சம் பிடிக்கப் பழகியவர்கள் எங்களில் பலர். மலையில் தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள்.

இதையெல்லாம் முதல்முதலாக ரம்பொடையில் போய்ச் செய்து பார்க்க வேண்டாம். வன்னியில் மலை இல்லைத்தான், குளக்கட்டு இருக்கிறதே. ஞாயிற்றுக்கிழமை விடிய, ஆட்கள் இல்லாத நேரம், இரணைமடுப் பக்கம் போய்க் கட்டில் ஏறுகிற சரிவில் பாதியில் நிறுத்துங்கள். ஹாண்ட் பிரேக்கை இழுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். கார் நிற்கிறதா? நின்றால் மெதுவாக அக்சிலேற்றரைக் கொடுத்து, கார் முன்னுக்கு இழுப்பதை உணர்ந்த பிறகு ஹாண்ட் பிரேக்கை விடுங்கள். ஒரு அங்குலமும் பின்னால் போகாமல் பத்துத் தரம் எடுக்க வரவேண்டும். இந்த ஒரு பயிற்சிக்கே உங்கள் உள்ளங்கை வேர்வையில் பாதி காய்ந்துவிடும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் சமதரைக்காரருக்கு மலையில் இருக்கிற பெரிய பயம், பின்னால் பஸ் நிற்க ஏற்றத்தில் நின்று எடுப்பதுதான். இறங்கும்போது எல்-இல் போட்டு, காலை இரண்டு பெடலிலும் வைக்காமல் கார் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். கட்டு மிஞ்சி மிஞ்சி ஐந்தாறு செக்கனில் முடிந்துவிடும், பரவாயில்லை, கால் அந்த உணர்வைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, கண்ணாடியைப் பார்த்தே நேராக ஐம்பது மீற்றர் பின்னால் எடுக்கப் பழகுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனிப் பாதை. கிளிநொச்சியிலிருந்து கண்டிக்கு ஏ9-இலேயே ஏறக்குறைய 255 கிலோமீற்றர். தம்புள்ளை வரை உங்களுக்குப் பழகின மாதிரியான வீதிதான், வாகனம் மட்டும் கூட. தம்புள்ளை தாண்டி நாவுல, நாலந்தை என்று வரும்போது வீதி மெல்ல வளையத் தொடங்கும், சின்னச் சின்ன ஏற்ற இறக்கம். இந்தத் துண்டைச் சும்மா கடந்துவிடாதீர்கள், இதுதான் உங்களுடைய பயிற்சி மைதானம். முடக்கு வரும் முன் நேர்ப் பகுதியிலேயே வேகத்தைக் குறைத்து, முடக்குக்குள் பிரேக் மிதிக்காமல், வெளியேறும்போது மெல்ல வேகம் எடுப்பதை இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். ஏ9-இல் எங்கள் கண் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும், அங்கே மாடு குறுக்கே வருகிறதா என்று பார்க்கும். இங்கே கண் அந்த வளைவின் உள்விளிம்பைத் தடவிக்கொண்டே போக வேண்டும். கண் போகிற பக்கம் கை போகும். பள்ளத்தைப் பார்த்தால் கார் பள்ளப் பக்கம் சாயும். இது பயமுறுத்துவதற்குச் சொல்வதில்லை, சைக்கிள் பழகும்போது கல்லைப் பார்த்துப் பார்த்து அந்தக் கல்லிலேயே ஏற்றியிருப்பீர்களே, அதே கதைதான்.

மாத்தளையில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, அங்கேயே சாப்பிட்டு, கால் நீட்டிவிட்டு, அக்குறணை நெரிசலுக்குள்ளால் கட்டுகஸ்தோட்டை போங்கள். அன்றைக்கு அதோடு போதும். பேராதனைப் பக்கம் தங்குவது வசதி, விடிய எழும்பி, கம்பளையால் நுவரெலியா போகிற ஏ5 வீதியைப் பிடிக்கலாம். ஓகஸ்ட் என்கிறீர்கள், அதனால் கண்டிப் பெரஹராத் திகதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் நகரத்துக்குள் வீதிகளை மூடுவார்கள், அறையும் கிடைக்காது.

மறுநாள் ஆறரைக்கு முன் புறப்படுங்கள். மலையில் பெரும்பாலும் காலை தெளிவாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகுதான் புகாரும் மழையும் கூடும். ஆனால் விடிந்த பிறகு புறப்படுங்கள், இருட்டில் வேண்டாம். 2025 மே 11 அன்று கொத்மலை, கரண்டி எல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது நீங்கள் போகிற இதே வீதியில்தான், விடியும் முன். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர் இறந்த விபத்தும் இரவில். காரணம் ஆயிரம் இருக்கட்டும், இருட்டில் மலையில் எனக்கு வேலையில்லை என்பது என்னுடைய கட்டுப்பாடு. பெரிய காசு தந்தாலும் ஆறு மணிக்குப் பிறகு மலை இறங்கும் ஹயர் எடுப்பதில்லை.

கம்பளை வரை சுகமான ஓட்டம். கம்பளை தாண்டித்தான் ஏற்றம். இங்கே ஏசியை நிறுத்துங்கள், 660 சிசி இஞ்சினுக்கு நாலு பேர் போதிய பாரம். உயரம் கூடக் கூடக் காற்றும் மெலியும், ஆயிரம் மீற்றருக்கு இஞ்சின் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே கார் சோம்பலாக இழுத்தால் பழுது என்று நினைக்க வேண்டாம். சூட்டு விளக்கை மட்டும் அடிக்கடி பாருங்கள்.

முடக்குகளைப் பற்றி. கண்ணுக்கு மறைந்த வளைவுக்கு முன்னால் ஒரு தரம் ஹோர்ன் அடியுங்கள். வன்னியில் ஹோர்ன் அடித்தால் சண்டைக்கு வருவார்கள், மலையில் அது "நான் வாறன்" என்று சொல்வது. உங்கள் பக்கத்திலேயே, இடது கோட்டோடு ஒட்டிப் போங்கள். பள்ளம் இடப்பக்கம் வரும்போது எல்லோருக்கும் நடுவுக்கு நகரத் தோன்றும், எதிரே வருபவருக்கும் அதே எண்ணம் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பஸ் ஒன்று கொண்டை முடக்கில் திரும்பும்போது முழு வீதியும் அதற்கு வேண்டும். மேலே பஸ்ஸின் கூரை தெரிந்தால் முடக்குக்குள் நுழையாமல் முன்கூட்டியே நின்று அதை விடுங்கள். ஒடுங்கின இடத்தில் எதிரெதிரே வந்தால் ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் இடம் விடுவது மலை வழக்கம், நின்று எடுப்பது ஏறுகிறவருக்குத்தான் கஷ்டம். ஆனால் உரிமையை நம்பி முட்டாதீர்கள், எல்லோரும் வழக்கத்தைப் பார்ப்பதில்லை.

நான் கண்டவரையில் புதிதாக வருகிறவர்களைப் பள்ளத்தை விடக் கூடக் குழப்புவது பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன்தான். ஹோர்ன் அடிப்பான், லைற் அடிப்பான். உங்களுக்கு வெட்கம் வரும், "பொம்பிளை ஓடுது" என்று சொல்வானோ என்று நினைப்பு வரும், 25-இல் எடுக்க வேண்டிய முடக்கை 40-இல் எடுப்பீர்கள். செய்ய வேண்டியது: அகலமான இடம் வரும் வரை உங்கள் வேகத்திலேயே போய், இடது சிக்னல் போட்டு, ஒதுங்கி நின்று, எல்லோரையும் விட்டுவிடுங்கள். ஒரு ஏற்றத்தில் பத்துத் தரம் ஒதுங்கினாலும் பதினைந்து நிமிடம்தான் கூடச் செலவாகும். ஏ9-இல் யாரும் இதைச் செய்வதில்லை, அங்கே அவனுக்கு முந்திப் போக இடம் இருக்கிறது. என் வானில் பதினாலு பேர் இருந்தாலும் நான் இன்றைக்கும் ஒதுங்கித்தான் விடுகிறேன். அவனுடைய அவசரத்துக்கு நான் ஏன் என் பிரேக்கைச் செலவழிக்க வேண்டும்?

புகார் வந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவரில் ரோர்ச் அடித்த மாதிரித் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். லோ பீம், இடது ஓரத்து வெள்ளைக் கோடு, இருபது கிலோமீற்றர் வேகம். நாலு பேர் மூச்சில் முன்கண்ணாடி உள்பக்கம் பூத்துவிடும், எங்கள் வெக்கையில் அது தெரியாது. துணியால் துடைத்துக்கொண்டே ஓடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் தெளியும். ஏற்றத்தில் ஏசியை நிறுத்தச் சொன்னேன்தான், இது வேறு கணக்கு.

மழையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. புசல்லாவைப் பக்கம் தென்மேல் பருவக்காற்று, மே தொடக்கம் செப்டெம்பர் வரை நனைக்கும், உங்கள் ஓகஸ்ட் அதற்குள்தான் விழுகிறது. இங்கே வயல் வெடித்துக் கிடக்கிறது என்று அங்கேயும் அப்படி நினைக்கக் கூடாது. என்னைக் கேட்டால் ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை நல்லது, ஆனால் அது எங்கள் பக்கம் காலபோக அறுவடை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆகவே விட்டுவிடுவோம். போகிற கிழமையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று பிரதேச செயலகப் பிரிவு வாரியாக விடுவார்கள். மஞ்சள் என்றால் விழிப்பு. செம்மஞ்சள் என்றால் நானாக இருந்தால் பேராதனையிலேயே இன்னொரு நாள் தங்குவேன். சிவப்பு என்றால் கேள்வியே இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் எங்களை வெள்ளத்தில் விட்ட அதே நாட்களில் மலைநாட்டில் எத்தனை இடத்தில் வீதியோடு மலை சரிந்தது என்று தெரியும்தானே. அப்படி அடிபட்ட சரிவுகள் மழைக்கு மறுபடி இளகும். வீதியில் சேற்றுத் தண்ணீர் திடீரென்று பாய்ந்தால், சின்னக் கல் உருண்டு வந்தால், மரமோ மின்கம்பமோ சரிந்து நின்றால், படம் எடுக்க நிற்காமல் அந்த இடத்தை விட்டு விலகுங்கள். மழைக்கு ஒதுங்குவதென்றாலும் வெட்டின மண் மேட்டுக்குக் கீழே ஒதுங்கக் கூடாது.

அம்மாவுக்குச் சத்தி வருமா? முன்சீற்றில் இருத்துங்கள், கொஞ்சம் இடியப்பமோ பாணோ மட்டும், இஞ்சித் துண்டு ஒன்று கையில். பிள்ளைகளிடமிருந்து போனை வாங்கிவிடுங்கள், முடக்கில் போனைப் பார்த்தால் நிச்சயம் சத்திதான். காது அடைக்கும், ஆளுக்கொரு ரொபி கொடுத்தால் விழுங்க விழுங்கத் திறக்கும். குளிர்ச் சட்டை டிக்கியில் அடியில் வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நீங்கள் புசல்லாவையும் நுவரெலியாவும் ஒரே பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீதியைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு பயணம். கம்பளையிலிருந்து புசல்லாவை வரை ஏற்றம் நிதானமானது, காலையில் பொறுமையாக ஓடினால் நீங்கள் தாராளமாக ஏறிவிடுவீர்கள். அதற்கு மேலே ரம்பொடை தொடங்கி லபுக்கலை வரைதான் நீங்கள் வீடியோவில் பார்த்த முடக்குகள் அடுக்கடுக்காக வருகின்றன, 225 மீற்றர் சுரங்கப்பாதையும் அந்தப் பக்கம்தான். அம்மா பார்க்க ஆசைப்படுவது கீழேயே இருக்கிறது. ஆகவே புசல்லாவையில் ஒரு இரவு தங்கி, காரைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு, மறுநாள் நுவரெலியாவுக்கு பஸ்ஸில் போய் வாருங்கள். கண்டி – நுவரெலியா பஸ் அந்த வழியால்தான் ஓடுகிறது. யன்னல் பக்கம் இருந்து கொத்மலை நீர்த்தேக்கத்தையும் ரம்பொடை அருவியையும் நீங்களும் பார்ப்பீர்கள். சாரதிக்கு இயற்கைக் காட்சி கிடையாது தங்கச்சி, இத்தனை வருடம் ஓடியும் ரம்பொடை அருவியை நான் வடிவாகப் பார்த்தது அந்தத் தேத்தண்ணிக் கடையில் பிரேக் ஆறக் காத்திருந்த அன்றைக்குத்தான். பஸ்ஸில் போகும்போது சாரதியின் இடக்கையைக் கவனியுங்கள், எந்த இடத்தில் கியர் மாற்றுகிறார் என்று பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு "இது எனக்கும் முடியும்" என்று தோன்றினால் அடுத்த முறை ஓடுங்கள். பூச்செண்டு விற்கிற பொடியன்களையும் காணலாம், ஒரு முடக்கில் நீட்டுவான், வேண்டாம் என்றால் தேயிலைக்குள்ளால் குறுக்கே ஓடி அடுத்த முடக்கில் அதே செண்டோடு நிற்பான். காரில் போனால் அவனுக்காக முடக்கில் பிரேக் அடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்திருங்கள்.

இல்லை, காரிலேயே மேலே போவேன் என்றால் போன வழியாலேயே திரும்புங்கள். போனில் கூகுள் மப் குறுக்கு வழி காட்டும், நம்ப வேண்டாம், அதற்குத் தூரம் மட்டும்தான் தெரியும், சரிவு தெரியாது. நானுஓயாப் பக்கம் ரதல்ல குறுக்கு வீதி என்று ஒன்று இருக்கிறது, 2023 ஜனவரியில் 7 பேர் இறந்த இடம். செங்குத்தான இறக்கம், பெரிய வாகனங்களுக்குத் தடை. ஹட்டன் பக்கம் போக நேர்ந்தாலும் பிரதான வீதியாலேயே போங்கள்.

தோட்டத்து வீதி. பிரதான வீதியிலிருந்து லயத்துக்குப் போகிற பாதை ஒரு வாகனம்தான் போகும், பல இடங்களில் தார் உடைந்து கல்லாகக் கிடக்கும், எதிரே கொழுந்து லொறி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும். ஐம்பது மீற்றர் பின்னால் எடுக்கப் பழகச் சொன்னது இதற்குத்தான். ஆனாலும் என் விருப்பம், காரைக் கீழே கடைத்தெருவில் விட்டு ஓட்டோ பிடியுங்கள். அந்தப் பொடியன்களுக்கு ஒவ்வொரு குழியும் தெரியும், எந்த டிவிசன், எத்தனையாம் நம்பர் லயம் என்று அம்மா சொன்னால் பழைய ஆட்களையும் தேடித் தருவார்கள்.

திரும்பும்போது மாத்தளை தாண்டியதும் ஒரு நிம்மதி வரும். வீதி நேராகும், கால் தானாக அழுத்தும், இரண்டு நாள் முப்பதில் ஓடிய ஆளுக்கு எண்பது கிலோமீற்றரும் நாற்பது மாதிரித்தான் இருக்கும், மீற்றரைப் பார்த்து ஓடுங்கள். எல்-இல் போட்டிருந்தால் டி-க்கு மாற்றவும் மறந்துவிடாதீர்கள், என் மச்சான் ஒருவர் தம்புள்ளை வரை அப்படியே வந்துவிட்டு, கார் ஏன் இப்படிக் கத்துகிறது என்று எனக்கு போன் எடுத்தார். நித்திரை வந்தால் மதவாச்சியில் நிறுத்தி முகம் கழுவுங்கள். வவுனியா தாண்டினால் பொழுதுபட்டிருக்கும், ஓமந்தைக்கு இங்கால் தார்ச் சூட்டுக்கு மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும்.